ஸ்கேன் பரிசோதனை: உரிய காலத்தில், உரிய நோக்கத்தில்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்

(நம் பள்ளிவாசல் வளாகத்தில் நடைபெற்ற மருத்துவ விழிப்புணர்வுக் கூட்டத்தில் ஜமாஅத் நலக்குழுவின் சார்பில் ஆற்றப்பெற்ற உரை)

 

எல்லாப் புகழும் அகிலங்களின் இரட்சகனாகிய அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

பள்ளிவாசலில் பேசுவதற்கு ஸ்கேன் ஒரு பொருளா என்று சிலர் எண்ணக்கூடும். நம் பிள்ளைகளின் நிகாஹ் இந்த ஜமாஅத்தின் பதிவேட்டில்தான் எழுதப்படுகிறது. பிரசவத்தில் ஒரு பெண் மௌத்தானால் ஜனாஸா தொழுகைக்கு அணிவகுப்பதும் இதே ஜமாஅத்துதான். நிகாஹ்வுக்கும் ஜனாஸாவுக்கும் இடையில் அந்தப் பெண்ணின் உயிரைக் காக்கும் காரியத்தில் மட்டும் ஜமாஅத்துக்குப் பங்கில்லை என்று சொல்ல இயலுமா? ஆகவே இதைப் பேசுவது நம் கடமை என்றே கருதுகிறோம்.

நாம் வலியுறுத்த விரும்புவது ஒன்றே. ஸ்கேன் என்பது அல்லாஹ் மனிதனுக்கு வழங்கிய அறிவின் ஓர் அருட்கொடை. ஆனால் காலம் தவறி எடுத்தால் அதன் பலனில் பெரும்பகுதி கைநழுவிப் போகும். தவறான நோக்கத்தில் பயன்படுத்தினால் அதுவே பாவத்தின் கருவியாகும். இவ்விரண்டையும் விளக்குவதே இவ்வுரையின் நோக்கம்.

திண்டிவனத்தில் ஓர் இரவு

வேலூர் என்றதும் சி.எம்.சி. மருத்துவமனை நினைவுக்கு வராதவர் இல்லை. அம்மருத்துவமனை தோன்றியதற்குக் காரணமான நிகழ்ச்சி நம் சமுதாயத்தோடும் தொடர்புடையது என்பதை நம்மில் பலர் அறிந்திருக்க மாட்டார்கள்.

1890களில் ஐடா ஸ்கட்டர் என்னும் இளம்பெண், நோயுற்றிருந்த தம் தாயாரைக் கவனித்துக்கொள்ள அமெரிக்காவிலிருந்து திண்டிவனம் வந்திருந்தார். அவருடைய தந்தையார் ஜான் ஸ்கட்டர் ஒரு மருத்துவர். ஒருநாள் இரவு ஒருவர் பின் ஒருவராக மூன்று ஆண்கள் அவ்வீட்டின் கதவைத் தட்டினர். மூவரின் மனைவியரும் பிரசவ வேதனையில் உயிருக்குப் போராடிக் கொண்டிருந்தனர். ஒருவர் பிராமணர், இன்னொருவர் முஸ்லிம், மற்றொருவர் வேறொரு உயர்சாதி இந்து. தந்தையாரை அனுப்புவதாக ஐடா சொன்னார். ஆண் மருத்துவர் தம் வீட்டுப் பெண்ணைப் பார்ப்பதை மூவருமே ஏற்கவில்லை. ஐடாவோ அப்போது மருத்துவம் கற்றவர் அல்லர். விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்துபோன செய்தி வந்தது.

அந்த இரவுதான் ஐடா அம்மையாரை மருத்துவம் கற்கச் செய்தது. 1899ல் அமெரிக்காவின் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, 1900ல் வேலூரில் ஒரே ஒரு கட்டிலுடன் மருத்துவப் பணியைத் தொடங்கினார். 1902ல் பெண்களுக்கான மருத்துவமனை எழுந்தது. 1918ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி தொடங்கப்பெற்றது. அதுவே இன்று உலகறிந்த நிறுவனமாக நம் மாவட்டத்துக்குப் பெருமை சேர்க்கிறது.

இதை நினைவூட்டுவது அந்த முஸ்லிம் கணவரைக் குறை கூறுவதற்கன்று. நாணமும் பர்தாவும் நம் ஈமானோடு சேர்ந்தவை. அன்றைக்குப் பெண் மருத்துவர் இல்லை. இன்றைக்கு வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி எங்கும் மகப்பேறு மருத்துவர்களில் பெரும்பாலோர் பெண்களே. பெண்ணே ஸ்கேன் எடுக்க வேண்டுமென்று கேட்டு நாள் குறித்துக்கொள்ளவும் முடிகிறது. நிர்ப்பந்தமான நிலையில் பெண் மருத்துவர் கிடைக்காவிடில் ஆண் மருத்துவரிடம் சிகிச்சை பெறலாம் என்று மார்க்க அறிஞர்கள் விளக்கியுள்ளனர். எனவே பர்தாவைக் காரணமாகக் காட்டித் தாமதிப்பதற்கு இன்று இடமில்லை.

பாய்லரைச் சோதித்த ஒலி

இக்கருவி மருத்துவத்துக்கு வந்த வரலாறு நம் ஊர்த் தொழிலுக்கு நெருக்கமானது. டேனரி நடத்துவோர் பாய்லரைப் பற்றி நன்கறிவர். அதன் இரும்புத் தகட்டினுள் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கிறதா என்று ஒலியலைகளைச் செலுத்திச் சோதிக்கும் முறை ஒன்று உண்டு. இரண்டாம் உலகப் போருக்குப் பின் கப்பல் கட்டும் துறையிலும் பாய்லர் தொழிலிலும் இது பரவலாயிற்று.

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் மகப்பேறு மருத்துவப் பேராசிரியராக இருந்தவர் அயன் டொனால்டு. இரும்பினுள் பார்க்க முடிகிற ஒலியால் உடலினுள் பார்க்க முடியாதா என்று அவர் சிந்தித்தார். 1955ல், அறுவை சிகிச்சையில் அகற்றப்பட்ட கட்டிகளை எடுத்துக்கொண்டு, பாய்லர் தயாரிக்கும் பாப்காக் அண்டு வில்காக்ஸ் தொழிற்சாலைக்கே சென்று, அங்கிருந்த கருவியால் சோதித்துப் பார்த்தார். நீர் நிறைந்த கட்டியும் தசைக் கட்டியும் வெவ்வேறு விதமாக எதிரொலி தருவதைக் கண்டார். பின்னர் டாம் பிரவுன் என்னும் பொறியாளரும், ஜான் மெக்விகார் என்னும் மருத்துவரும் அவருடன் இணைந்து உழைத்தனர்.

அக்காலத்தில் ஒரு பெண்மணிக்கு வயிற்றில் முற்றிய புற்றுநோய், இனிச் செய்வதற்கொன்றுமில்லை என்று முடிவு செய்யப்பட்டிருந்தது. டொனால்டு தம் கருவியால் பார்த்தபோது அது சினைப்பையில் வளர்ந்த நீர்க்கட்டி என்று தெரியவந்தது. கட்டி அகற்றப்பட்டது, அப்பெண்மணியும் பிழைத்தார். மூவரும் சேர்ந்து எழுதிய ஆய்வுக் கட்டுரை 1958ல் லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்தது. அதன் பின்னரே உலகம் இதை ஏற்கத் தொடங்கியது.

பாய்லரை ஆண்டுதோறும் தவறாமல் சோதிக்கிறோம். வெடித்த பிறகு சோதித்துப் பயனில்லை என்பது நமக்குத் தெரியும். நம் வீட்டுப் பெண்களின் விஷயத்திலும் அதே அறிவு வேண்டாமா?

கருவி வேலை செய்யும் விதம்

மனிதக் காது ஏறத்தாழ 20,000 அதிர்வு வரையுள்ள ஒலியைத்தான் கேட்கும். ஸ்கேன் கருவி ஒரு நொடிக்குப் பல இலட்சம் அதிர்வுகள் கொண்ட ஒலியை உடலுக்குள் அனுப்புகிறது. உடலின் மென்மையான திசுக்களில் அவ்வொலி நொடிக்குச் சுமார் 1540 மீட்டர் வேகத்தில் செல்கிறது. நீர், தசை, எலும்பு என ஒன்று முடிந்து மற்றொன்று தொடங்கும் இடங்களில் பட்டு அது திரும்பி வருகிறது. திரும்பி வர எடுத்த நேரத்தைக் கொண்டு தொலைவைக் கணக்கிட்டுத் திரையில் படமாகக் காட்டுகிறது கணினி.

காற்று இவ்வொலியைத் தடுத்துவிடும். அதனால்தான் வயிற்றின் மீது களிம்பு தடவுகிறார்கள். கருவுற்ற தொடக்க வாரங்களில் தண்ணீர் குடித்துவிட்டு வரச் சொல்வதும் காரணத்தோடுதான். நிரம்பிய சிறுநீர்ப்பை குடலை ஒதுக்கிவிட்டுக் கருப்பையைத் தெளிவாகக் காட்டுகிறது.

"ஸ்கேன் எடுத்தால் குழந்தைக்கு ஆகாது" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதுண்டு. அந்த அச்சம் எக்ஸ்ரேயைப் பற்றியதாயின் அதில் நியாயம் இருக்கிறது. எக்ஸ்ரே கதிர்வீச்சு, கருவிலுள்ள சிசுவுக்குத் தீங்கு செய்யக்கூடும். ஸ்கேனில் இருப்பதோ ஒலி, கதிர்வீச்சு இல்லை. மருத்துவர் பரிந்துரைத்து, பயிற்சி பெற்றவர் எடுக்கும் ஸ்கேனால் தாய்க்கோ சேய்க்கோ கேடு விளைந்ததாக இத்தனை ஆண்டுகளில் நிரூபிக்கப்படவில்லை. அதற்காகப் படம் பார்த்து மகிழ்வதற்கென்று அடிக்கடி எடுப்பதும் சரியன்று. தேவைக்கேற்ப எடுப்பதே மருத்துவ நெறி.

எந்த வாரத்தில் எது?

மருத்துவர்கள் கர்ப்ப காலத்தைக் கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து கணக்கிடுகிறார்கள். ஒவ்வொரு ஸ்கேனுக்கும் தனித்தனி வேலை உண்டு.

முதலாவது, தொடக்க வாரங்களில் எடுப்பது. கரு கருப்பைக்குள் தங்கியிருக்கிறதா, இதயம் துடிக்கிறதா, ஒன்றா இரட்டையா, எத்தனை வாரம் என்பன இதில் தெரியும். பிரசவ நாளைத் துல்லியமாகக் குறிக்க இதுவே சிறந்தது. நாள் போகப் போக அந்தத் துல்லியம் குறைந்துவிடும்.

இரண்டாவது, 11 முதல் 14 வாரத்துக்குள் எடுப்பது. குழந்தையின் கழுத்துப் பின்புறத்து நீரின் அளவைப் பார்த்துச் சில குறைபாடுகளின் வாய்ப்பைக் கணிக்கிறார்கள். இரட்டைக் குழந்தைகளாயின் இரண்டுக்கும் ஒரே நஞ்சுக்கொடியா, தனித்தனியா என்பதையும் இக்காலத்தில்தான் தெளிவாகச் சொல்ல இயலும். ஒரே நஞ்சுக்கொடியைப் பகிரும் இரட்டையருக்கு ஆபத்து அதிகமாதலால் அடிக்கடி கண்காணிக்க வேண்டியிருக்கும்.

மூன்றாவது, 18 முதல் 20 வாரத்தில் எடுப்பது. ஐந்தாம் மாத ஸ்கேன் என்று நம் பெண்கள் சொல்வது இதையே. மூளை, முதுகுத்தண்டு, இதயம், சிறுநீரகம், கை கால்கள் ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் பார்க்கிறார்கள். நஞ்சுக்கொடி எங்கே அமைந்திருக்கிறது என்பதையும் குறிக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2016ல் வெளியிட்ட பரிந்துரையில், கர்ப்பிணி ஒவ்வொருவருக்கும் 24 வாரத்துக்கு முன் ஒரு ஸ்கேனாவது எடுக்க வேண்டும் என்று கூறியிருக்கிறது.

நான்காவது, கடைசி மூன்று மாதங்களில் தேவைக்கேற்ப எடுப்பது. குழந்தையின் வளர்ச்சி, பனிக்குட நீரின் அளவு, தலை கீழாக இருக்கிறதா என்பன இதில் பார்க்கப்படும். டாப்ளர் என்னும் முறையில் தொப்புள்கொடியில் இரத்தம் சீராக ஓடுகிறதா என்றும் அறியலாம்.

முன்கூட்டி அறிவதால் தப்பும் உயிர்கள்

சில சிக்கல்களை விளங்கிக்கொண்டால் காலத்தின் அருமை புரியும்.

நூறு கர்ப்பங்களில் ஒன்று அல்லது இரண்டில் கரு கருப்பைக்குள் தங்காமல் கருக்குழாயிலேயே தங்கிவிடுகிறது. குழாய் வெடித்தால் வயிற்றினுள் இரத்தம் கொட்டும். மாதவிடாய் தள்ளிப்போன பெண்ணுக்கு அடிவயிற்றில் ஒருபக்கமாக வலி, சிறிது உதிரப்போக்கு, மயக்கம், தோள்பட்டை வலி ஆகியவை இதன் அடையாளங்கள். இதை வாயுத் தொல்லை என்றெண்ணி ஓமத் தண்ணீர் கொடுத்துக் காத்திருக்கக் கூடாது. அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். வெடிக்கும் முன் ஸ்கேனில் கண்டால் பலருக்கு ஊசி மருந்திலேயே குணமாகும்.

அடுத்தது, நஞ்சுக்கொடி கருப்பையின் வாயை மறைத்துக் கீழே அமைந்துவிடுவது. ஏறத்தாழ இருநூறு பிரசவங்களில் ஒன்றில் இந்நிலை ஏற்படுகிறது. வலியே இல்லாமல் திடீரென இரத்தப்போக்கு உண்டாவது இதன் இயல்பு. இதை அறியாமல் சுகப்பிரசவத்துக்குக் காத்திருந்தால் தாயையே இழக்க நேரிடும். ஐந்தாம் மாத ஸ்கேனில் நஞ்சுக்கொடி கீழே இருக்கிறது என்றால் பதற வேண்டியதில்லை. கருப்பை வளர வளரப் பெரும்பாலோருக்கு அது மேலே சென்றுவிடும். ஆனால் 32 வாரம் அளவில் மறுபடியும் பார்க்கத் தவறக் கூடாது. முந்தைய பிரசவம் சிசேரியனாக இருந்தால் இது இன்னும் முக்கியம். பழைய தையல் தழும்பில் நஞ்சுக்கொடி ஆழ வேரூன்றிவிடும் ஆபத்து அத்தகையோருக்கு உண்டு. முன்பே தெரிந்தால் இரத்தம் ஏற்பாடு செய்து, பெரிய மருத்துவமனையில் பிரசவத்தைத் திட்டமிடலாம்.

இனி, வயிற்றில் வளர்ச்சி குன்றும் குழந்தை. தாயின் இரத்த அழுத்தம், இரத்தச் சோகை முதலிய காரணங்களால் குழந்தைக்கு ஊட்டம் குறையலாம். வெளியே பார்த்தால் தாய் நலமாகவே இருப்பாள். வளர்ச்சி ஸ்கேனும் டாப்ளரும்தான் உண்மையைச் சொல்லும். குழந்தையை எப்போது வெளியே எடுப்பது என்னும் முடிவை மருத்துவர் அவற்றைக் கொண்டே எடுக்கிறார்.

தமிழகத்தில் ஓர் இலட்சம் பிரசவங்களுக்கு இறக்கும் தாய்மாரின் எண்ணிக்கை 2001-03ல் 134 ஆக இருந்தது. 2018-20ல் அது 54 ஆகக் குறைந்தது. இதே காலத்தில் இந்திய அளவில் 301லிருந்து 97 ஆனது. மருத்துவமனைப் பிரசவம், இரத்த வங்கி, 2008ல் தொடங்கிய 108 ஆம்புலன்ஸ், முன்கூட்டிய பரிசோதனை எல்லாம் சேர்ந்து தந்த பலன் இது. அல்ஹம்துலில்லாஹ். எஞ்சியிருக்கும் அந்த 54ல் நம் வீட்டுப் பெண் ஒருத்தி இருந்துவிடக் கூடாது என்பதே நம் கவலை.

உறவுத் திருமணம் செய்தவர்களுக்கு

நம் பகுதியில் மாமன், அத்தை, சாச்சா மக்களுக்குள் சம்பந்தம் செய்வது வழக்கம். மார்க்கத்தில் அது ஆகுமாக்கப்பட்டதே. அதைத் தடுக்க நாம் யார்? ஆனால் மருத்துவ உண்மையை மறைப்பதும் அமானிதத்துக்கு அழகன்று. இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு நகரில் 11,000க்கும் மேற்பட்ட குழந்தைகளை ஆராய்ந்து 2013ல் வெளியான ஆய்வு, பிறவிக் குறைபாடுகளின் வாய்ப்பு சாதாரணமாக 3 சதவீதம் என்றால், பெற்றோர் நேர் சகோதர சகோதரியரின் மக்களாயிருக்கையில் சுமார் 6 சதவீதமாகிறது என்று காட்டியது. அதாவது 100ல் 94 குழந்தைகள் நலமாகவே பிறக்கின்றன. ஆகவே அச்சம் வேண்டாம், கவனம் வேண்டும். உறவில் மணமுடித்தவர்கள் அதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லி, 18-20 வார ஸ்கேனைத் தவறாமல் எடுக்க வேண்டும். முன்பு குறைபாடுள்ள குழந்தை பிறந்திருந்தால் அடுத்த கர்ப்பத்துக்கு முன்பே மரபியல் ஆலோசனை பெற வேண்டும்.

கருவறையிலுள்ளதை அறிதல்

கருவறைகளில் உள்ளதை அறிபவன் அல்லாஹ் ஒருவனே என்று சூரா லுக்மானின் இறுதியில் வருகிறதே, ஸ்கேன் அதற்கு முரணாகாதா என்று சில பெரியவர்கள் வினவுகின்றனர். அறிஞர்கள் இதற்குத் தெளிவான விளக்கம் தந்துள்ளனர். உருவான பின் ஒரு கருவியால் பார்ப்பது மறைவானதை அறிவதாகாது. பிறந்த பின் கண்ணால் பார்ப்பது எவ்வாறோ அவ்வாறே இதுவும். அக்குழந்தையின் ஆயுள், ரிஸ்க், நற்பேறு, தீப்பேறு ஆகியவற்றை எந்தக் கருவியும் சொல்ல முடியாது. கருவின் படிநிலைகளைச் சூரா முஃமினூன் எடுத்துரைக்கிறது. அப்படிநிலைகளைத் திரையில் பார்க்கும்போது ஒரு முஃமினின் உள்ளத்தில் ஈமான் கூடுமேயன்றிக் குறையாது.

இன்னொரு கேள்வியையும் இங்கே தொட்டாக வேண்டும். ஸ்கேனில் பிழைக்கவே இயலாத கடுமையான குறைபாடு தெரிந்தால் என் செய்வது? ரூஹு ஊதப்படும் 120 நாட்கள் என்னும் எல்லை மார்க்கச் சட்டத்தில் முக்கியமானது. அந்த 120 நாட்கள் கரு உண்டானதிலிருந்து எண்ணப்படுவது. மருத்துவர் கணக்கு அதற்குச் சுமார் இரண்டு வாரம் முன்னதாகவே தொடங்குகிறது. ஆகவே 120 நாட்கள் என்பது மருத்துவர் கணக்கில் ஏறத்தாழ 19 வாரம். நாட்டுச் சட்டமோ 2021ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி 20 வாரம், 24 வாரம், அதற்கு மேல் மருத்துவக் குழு என வேறு எல்லைகளை வகுத்துள்ளது. இதில் நாம் தீர்ப்புக் கூற முன்வரவில்லை. குடும்பத்தார் மருத்துவரையும் மார்க்கமறிந்த ஆலிமையும் ஒருசேரக் கலந்து முடிவெடுக்க வேண்டும். அதற்கு அவகாசம் வேண்டுமென்றால் ஸ்கேனைத் தள்ளிப்போடக் கூடாது. 18 வாரம் தொடங்கியதும் எடுத்தவர்களுக்கு ஆலோசிக்கச் சில நாட்களேனும் கிடைக்கும். 23ஆம் வாரத்தில் போய் நிற்பவருக்கு அது கிடைக்காது.

ஆணா, பெண்ணா என்று கேட்காதீர்

தவறான நோக்கம் என்று தொடக்கத்தில் குறிப்பிட்டோம். அது இதுதான்.

அறியாமைக் காலத்து அரபியர் பெண் சிசுக்களை உயிரோடு புதைத்தனர். புதைக்கப்பட்ட அச்சிறுமியிடம், எந்தக் குற்றத்துக்காகக் கொல்லப்பட்டாய் என்று மறுமையில் வினவப்படும் என்பதைச் சூரா தக்வீர் எச்சரிக்கிறது. பெண்மக்களை அன்போடு வளர்ப்போருக்கு நபி (ஸல்) அவர்கள் சுவன நற்செய்தி கூறியுள்ளார்கள். புதைகுழிக்குப் பதில் ஸ்கேன் அறை என்றால் குற்றம் மாறிவிடுமா?

இந்தியாவில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 1000 ஆண்களுக்கு 1991ல் 945 பெண்கள் இருந்தனர். 2001ல் அது 927 ஆகச் சரிந்தது. ஸ்கேன் கருவிகள் ஊர்தோறும் பரவிய காலம் அது என்பது சிந்திக்கத் தக்கது. தமிழகத்தில் 2001ல் 942, 2011ல் 943. ஆயினும் 2001ல் சேலம் மாவட்டத்தில் 851 என்றிருந்த நிலையை நாம் மறந்துவிடலாகாது.

பாலினம் கண்டறிவதைத் தடை செய்யும் சட்டம் 1994ல் இயற்றப்பட்டு, 1996 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. 2003ல் அது மேலும் கடுமையாக்கப்பட்டது. பாலினத்தைச் சொல்லாலோ சைகையாலோ தெரிவிக்கும் மருத்துவருக்கு மூன்றாண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. அவருடைய மருத்துவப் பதிவும் நீக்கப்படும். கேட்டு வருவோருக்கும் மூன்றாண்டு வரை சிறையும் 50,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. கணவனும் குடும்பத்தாரும் வற்புறுத்தியே அப்பெண் வந்திருப்பாள் என்று சட்டம் கருதுகிறது என்பதையும் ஆண்கள் கவனிக்க வேண்டும்.

ஸ்கேன் நிலையங்களில் ஏற்கெனவே எத்தனை ஆண், எத்தனை பெண் குழந்தைகள் என்று கேட்டு, அடையாள அட்டை வாங்கி, படிவத்தில் கையொப்பம் பெறுவது நம்மைச் சந்தேகிப்பதற்காக அன்று. இச்சட்டத்தின்படி ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் நிரப்பப்பட வேண்டிய படிவம் அது. பொறுமையோடு ஒத்துழைப்போம். "சும்மா சொல்லுங்கள் டாக்டர்" என்று மாமியாரோ கணவரோ கேட்கும் வழக்கத்தை இன்றோடு விட்டுவிடுவோம்.

கர்ப்பிணிக்கு மட்டுமா?

ஸ்கேன் கர்ப்பத்துக்கு மட்டும் உரியதன்று. வேலூர் வெயிலில் உழைத்து, தண்ணீர் குறைவாக அருந்துவோருக்குச் சிறுநீரகக் கல் உண்டாக வாய்ப்பு அதிகம். அதையும், பித்தப்பைக் கல், கல்லீரலில் கொழுப்புப் படிதல், தைராய்டு கட்டி, சினைப்பைக் கட்டி முதலியவற்றையும் ஸ்கேனில் காணலாம். எக்கோ எனப்படுவது இதயத்தைப் பார்க்கும் ஸ்கேனே. மார்பில் கட்டி தென்பட்டும் வெளியில் சொல்ல நாணி மாதக்கணக்கில் மறைக்கும் சகோதரிகள் உண்டு. அவர்களுக்கு நம் அன்பான வேண்டுகோள்: நாணத்துக்குரிய இடம் வேறு, நோய்க்குரிய இடம் வேறு. தாமதியாமல் பெண் மருத்துவரைக் காணுங்கள்.

இக்கருவிக்கும் எல்லை உண்டு. எலும்புக்குப் பின்னாலும் வாயு நிறைந்த குடலுக்குள்ளும் அதனால் தெளிவாகப் பார்க்க இயலாது. எல்லாக் குறைபாடுகளும் ஸ்கேனில் தெரிந்துவிடா. குழந்தையின் எடை என்று தருவது தோராயக் கணக்கே. எடுப்பவரின் பயிற்சியைப் பொறுத்தும் பலன் மாறும். ஆகவே ஸ்கேனில் தெரியாமல் குறையோடு குழந்தை பிறந்துவிட்டால், விசாரிக்காமல் மருத்துவரைப் பழிப்பதும் மருமகளைத் தூற்றுவதும் கூடாது.

நாம் செய்ய வேண்டியவை

முதலாவது, மாதவிடாய் தள்ளியவுடன் அருகிலுள்ள அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். டாக்டர் முத்துலெட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி பெறவும் இப்பதிவு அவசியம். ஒவ்வொரு மாதமும் 9ஆம் தேதி அரசு மருத்துவ நிலையங்களில் கர்ப்பிணிகளுக்கு இலவசப் பரிசோதனை நடத்தும் திட்டம் 2016ல் தொடங்கப்பட்டது. அதையும் பயன்படுத்திக்கொள்ளலாம்.

இரண்டாவது, ஷூ கம்பெனிகளில் பணிபுரியும் சகோதரிகள். காலையில் கம்பெனி பஸ் ஏறினால் இருட்டும்போது வீடு திரும்புபவர்கள் அவர்கள். ஒருநாள் சம்பளம் போகுமே என்று ஸ்கேனைத் தள்ளிப்போடுகிறார்கள். ஈ.எஸ்.ஐ. அட்டை உள்ளவர்களுக்கு மருத்துவமும் 26 வார மகப்பேறு பலனும் உரிமையாக உண்டு. நம் ஜமாஅத்தில் தொழிற்சாலை நடத்தும் பெரியோர்களும், சூப்பர்வைசர்களாக இருக்கும் சகோதரர்களும் கர்ப்பிணிகளுக்குப் பரிசோதனை நாளில் மனமுவந்து விடுப்புத் தர வேண்டும். எந்த மதத்துப் பெண்ணாயினும் அவள் வயிற்றிலிருப்பது அல்லாஹ்வின் படைப்பே.

மூன்றாவது, ஏழாம் மாதத்தில் தாய் வீட்டுக்கு அனுப்புவது நம் வழக்கம். நகையும் துணியும் பெட்டியில் போகின்றன, ஸ்கேன் ரிப்போர்ட் மாமியார் வீட்டு அலமாரியிலேயே தங்கிவிடுகிறது. வாணியம்பாடியில் பார்த்தவர் மேல்விஷாரத்தில் பிரசவத்துக்குப் போகும்போது, அங்குள்ள மருத்துவருக்கு முந்தைய விவரம் எதுவும் தெரியாது. நஞ்சுக்கொடி கீழே இருந்ததும் தெரியாது, சரியான பிரசவ நாளும் தெரியாது. எல்லா ரிப்போர்ட்டுகளையும் இரத்த வகைச் சீட்டையும் ஒரே ஃபைலில் கோத்து, பெண்ணோடு அந்த ஃபைலும் போக வேண்டும்.

நான்காவது, கணவர் வெளிநாட்டிலோ வெளியூரிலோ இருந்தால் அவர் வரும்வரை காத்திருக்கலாகாது. மாமனார், மைத்துனர், அண்டை வீட்டார் யாரேனும் அழைத்துச் செல்ல வேண்டும். செலவுக்கு வழியில்லாதவர்கள் தயங்காமல் நலக்குழுவை அணுகலாம். கேட்டவர் பெயர் வெளியே வராது.

ஐந்தாவது, நிகாஹ் பதிவேட்டில் கையொப்பமிடும் மணமகனுக்கு, இங்கே கூறப்பட்ட ஸ்கேன் காலங்களை ஒரு சிறு அட்டையில் அச்சிட்டு வழங்கலாம் என்று நிர்வாகக் குழுவுக்குப் பரிந்துரைக்கிறோம். கர்ப்பிணியின் பரிசோதனை பெண்கள் சமாச்சாரம் என்று ஆண்கள் ஒதுங்கி நிற்பதால்தான் பல தாமதங்கள் நேர்கின்றன. மனைவியின் மஹர் கணவனின் பொறுப்பு என்பதைப் போல, அவளுடைய உயிர்ப் பாதுகாப்பும் அவன் பொறுப்பே.

சகோதரர்களே! ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்குமாறு கற்பிக்கப்பட்ட சமுதாயம் நாம். மருந்தும் பரிசோதனையும் காரணங்கள், ஷிஃபா அளிப்பவன் அல்லாஹ். காரணத்தைக் கைவிடாமல், படைத்தவனையும் மறவாமல் நடப்போமாக. நம் தாய்மார்களுக்கு எளிதான பிரசவத்தையும், நம் சந்ததிகளுக்கு ஸாலிஹான வாழ்வையும், பிள்ளைப் பேற்றுக்கு ஏங்குவோருக்கு அந்தப் பாக்கியத்தையும் வல்ல ரஹ்மான் தந்தருள்வானாக. ஆமீன்.